சக்கரை டெஸ்ட்

முன் சீட்டில் ஒரு மொட்டைத் தலை தெரிகிறதே தம்பி, அவன்தான் சென்னியப்பன். சத்தமாகப் பேசுகிறேனே என்று பார்க்காதீர்கள். அரவை மில் சத்தத்தில் அவனுக்கு இடது காது மந்தம். வலது காது ஜன்னல் பக்கம். காற்று அடிக்கிற அடியில் ஒன்றும் கேட்காது.

எவ்வளவு இடம் காலியாக இருக்கிறது பாருங்கள். காங்கயத்தில் ஏறினதும் "நீ பின்னால உக்காரு"ன்னு என்னைத் தள்ளிவிட்டு, கண்ணாடி உடைந்த அந்த ஜன்னல் சீட்டை அவனே பிடித்துக்கொண்டான். காற்றுக்கு அவ்வளவு ஆசை. உள்ளே வருகிற புழுதி முழுவதும் அவன் மேல்தான் அடிக்கிறது, அடிக்கட்டும். எனக்கு ரோடும் தெரியவில்லை, காற்றும் வரவில்லை. அவனுக்கு எப்போதும் எனக்கு முன்னால் இருக்க வேண்டும். அதுதான் புத்தி.

நீங்கள் கோயமுத்தூர் வரைக்குமா? நல்லது. நானும் அங்கேதான், பெரியாஸ்பத்திரிக்கு. உடம்புக்கு ஒன்றுமில்லை. ஒரு குழாயில் ஊதச் சொல்வார்களாம். டாக்டர் நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தால் நாளைக்கே அரவை ஷெட்டுக்குப் போய்விடலாம். இல்லையென்றால் மில் கேட்டில் உட்கார்ந்து லாரிக்குக் கதவு திறக்கிற வேலையாம். இருபத்து நாலு வருடம் அரவையில் நின்றவன் நான், நாச்சிமுத்து என்றால் எங்கள் பக்கத்தில் தெரியும். நான் கதவு திறப்பதா? "மூச்சு வாங்குதா?" என்று டாக்டர் கேட்பாராம். "இல்லீங்க" என்று சொல்லிவிடுவதாக இருக்கிறேன். கேட்கிறவர்களுக்கு இல்லை என்று சொல்லிப் பழக்கம்தான் எனக்கு. அதைத்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் மில்லில் அரைப்பது அரிசி இல்லை, வெள்ளைக்கல். கல்லை உடைத்து, அரைத்து, மைதா மாதிரி மாவாக்கி மூட்டை பிடிப்போம். கண்ணாடிக்கும் டைல்ஸுக்கும் போகிறது என்பார்கள். சாயங்காலம் வெளியே வந்தால் பதினெட்டுப் பேரும் பண்டாரம் மாதிரி நெற்றி முதல் கால் வரைக்கும் வெள்ளையாக இருப்போம். மூக்குக்கு ஒரு துண்டு. அதை நான் கட்டுகிற கட்டு வேறு யாருக்கும் வராது. ஏனென்றால் எனக்கு அப்போது மீசை இருந்தது. இப்போது பார்த்து முடிவு செய்யாதீர்கள் தம்பி. கன்னத்தில் ஏறி, வளைந்து, காதை எட்டிப் பார்க்கும். அதை மறைக்காமல் மூக்கை மட்டும் மறைக்கிற மாதிரி துண்டு கட்ட வேண்டும். அது ஒரு வித்தை.

இந்தச் சென்னியப்பன் எனக்குப் பதினெட்டு வருடம் கழித்து மில்லுக்கு வந்தவன். வந்த வருடமே ஆயுத பூஜைக்கு போட்டோ எடுத்தார்கள். சீனியர் என்று நடுவில் நிற்கிறேன். மீசைக்கு எண்ணெய் போட்டு முறுக்கி வைத்திருக்கிறேன். போட்டோக்காரர் "ரெடி" என்று சொல்லும்போது இவன் தட்டில் பொரியை வைத்துக்கொண்டு குறுக்கே வந்து எனக்கு முன்னால் நின்றான். அந்தப் போட்டோவைச் சட்டம் போட்டு ஆபீசில் மாட்டினார்கள். இன்றைக்கும் போய்ப் பாருங்கள். இவன் தலை தெரியும், பொரி தெரியும், என்னில் ஒரு காது தெரியும். ஒரே ஒரு காது.

"தெரியாம நின்னுட்டேண்ணா" என்றான். தெரியாமல் நிற்பதற்கு நான் என்ன சின்ன ஆளா?

இருங்கள், கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்கிறேன். பஸ் பாலம் ஏறுகிறது அல்லவா, அதுதான்.

ஆங். அதற்கு அடுத்த வருடம், சரக்கு வாங்குகிறவர்கள் கேட்டார்கள் என்று, வினோதினி என்று ஒரு சேப்டி ஆபீசரம்மா வந்தார். சின்ன வயசு. இரண்டு பெட்டி நிறைய மாஸ்க். கொரோனாவுக்குப் போட்டோமே, அது மாதிரி துணி இல்லை. ரப்பர். இரண்டு கன்னத்திலும் வடை மாதிரி இரண்டு வட்டம். போட்டுக்கொண்டு ஒருத்தனை ஒருத்தன் பார்த்துக்கொண்டால் பன்றிச் சந்தைக்குப் போன மாதிரி இருக்கும். நாங்கள் அதற்குப் பன்னி மூஞ்சி என்றே பேர் வைத்துவிட்டோம்.

அந்த அம்மா ஷெட்டிலேயே நின்று கால் மணி நேரம் விளக்கம் சொன்னார். அரவை ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தினால் லோடு தாமதம் என்று மேனேஜர் நிறுத்தவில்லை. அம்மாவுடைய வாய் அசைவது தெரிந்தது, கை அசைவது தெரிந்தது. நாங்கள் தலையாட்டினோம். மரியாதை தெரிந்தவர்கள்.

பிறகு ஆபீஸ் ரூமுக்கு ஒவ்வொருத்தராக வரச் சொன்னார். ஒரு டெஸ்ட். நான் சீனியர், வரிசையில் முதல் ஆள், கதவுக்குப் பக்கத்தில் நிற்கிறேன். மேனேஜர் உள்ளே கேட்கிறார், "இது என்ன டெஸ்டுங்க மேடம்?"

அந்த அம்மா சொல்கிறார், "சக்கரின் டெஸ்ட் சார். முதல்ல மாஸ்க் இல்லாம ஒருக்கா அடிச்சுப் பார்க்கணும்."

"அதெல்லாம் வேண்டாமுங்க, லாரி நிக்குது. மாஸ்க்கோடவே பார்த்து முடிச்சு விடுங்க."

என் காதில் சுத்தமாக விழுந்தது தம்பி. சக்கரை டெஸ்ட். அதற்கு முந்தின பங்குனியில்தான் எங்கள் லாரி டிரைவர் அர்ச்சுனன் சக்கரை ஏறி மயங்கி விழுந்தான். மறு வாரமே அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சீனியர் என்றால் மற்றவர்களைக் காப்பாற்ற வேண்டுமா இல்லையா? பின்னால் இருந்த ரங்கராசு காதில் சொன்னேன்.

"சக்கரை வியாதி பார்க்கறாங்கடா. இனிக்குதான்னு கேப்பாங்க. இல்லைன்னு சொல்லிடு. இனிக்குதுன்னா வீட்டுக்கு."

அவன் அடுத்தவன் காதில் சொன்னான். அப்படியே போனது. கடைசியில் நின்றது யார்? சென்னியப்பன். பழனிக்கு வேண்டிக்கொண்டு ஒரு சாண் தாடி வளர்த்துக்கொண்டு நிற்கிறான். அவன் வரைக்கும் போவதற்குள் நானே நடந்து போய், தோளில் கை போட்டு, நல்லவன் மாதிரி சொன்னேன்:

"சென்னியப்பா, உள்ள போனா இனிக்குதான்னு கேப்பாங்க. இனிக்குதுன்னு சொல்லு. அப்பத்தான் பாஸு."

பொய் சொன்னேன்தான். ஒரு காது தெரிகிற போட்டோவை ஞாபகம் வைத்துக்கொண்டு கேளுங்கள், உங்களுக்கே நியாயம் புரியும்.

முதலில் நான் போனேன். மாஸ்க்கை மாட்டிவிட்டு, அந்த அம்மா என் மீசையைப் பார்த்தார்.

"அண்ணா, ரப்பர் ஓரத்துல மீசை வருதுங்க. எடுத்துட்டா நல்லது."

"அம்மணி, மீசையத் தவுத்து வேற என்ன கேட்டாலும் எடுத்துத் தர்றேனுங்க."

"சரி, டெஸ்ட் பார்த்துட்டுச் சொல்றேன்" என்று தலை மேல் ஒரு வெள்ளை முக்காட்டைப் போட்டார். முன்னால் கண்ணாடித் தாள், அதில் ஒரு ஓட்டை. ஓட்டையில் ஒரு குழாயை வைத்துப் புஸ் புஸ் என்று அடித்தார்.

"இனிக்குதுங்களாண்ணா?"

தம்பி, நான் என்ன சொல்ல. பஞ்சு மிட்டாய் சுற்றுகிற சட்டிக்குள் தலையை விட்ட மாதிரி இருந்தது. நாக்கு, தொண்டை, எல்லாம் தித்திப்பு. 'நாச்சிமுத்து, உனக்குச் சக்கரை தலைக்கு மேலே ஏறிவிட்டதடா' என்று நினைத்துக்கொண்டேன்.

"இல்லீங்க."

"தலையை இப்படித் திருப்புங்க. குனிங்க. இப்ப ஒரு நிமிசம் ஏதாச்சும் பேசிட்டே இருங்க."

போட்டோ கதையைச் சொன்னேன். ஒரு நிமிடம் போதவில்லை. இரண்டு நிமிடம் சொன்னேன்.

"இப்ப இனிக்குதுங்களா?"

"துளிகூட இல்லீங்க."

"இவ்வளவு மீசை இருந்தும் லீக் இல்லை. அதிசயமா இருக்குதுண்ணா" என்று எழுதிக்கொண்டார். லீக் என்று ஏதோ சொன்னார், சக்கரைக்கு இங்கிலீசில் அப்படியும் ஒரு பேர் இருக்கும்போல என்று நான் விட்டுவிட்டேன். வெளியே மீசையோடு வந்தேன். மீசையும் தப்பியது, வேலையும் தப்பியது.

எனக்குப் பின்னால் பதினாறு பேர். பதினாறும் "இல்லீங்க." ரங்கராசு வெளியே வந்து அழுகிற மாதிரி நிற்கிறான். நல்ல பாட்டுக்காரன். காவடிச் சிந்து பாடினால் கோயிலில் மைக் வேண்டாம். முக்காட்டுக்குள் பேசச் சொன்னதற்கு ஒரு பாட்டே பாடியிருக்கிறான்.

"அண்ணா, வாயெல்லாம் தித்திச்சுப் போச்சுங்க. எனக்கும் சக்கரைங்களா?"

"ஆமாண்டா. சத்தம் போடாத."

கடைசியில் சென்னியப்பன். நான் ஜன்னல் ஓரமாக நின்று ஒட்டுக்கேட்டேன்.

"இனிக்குதுங்களா?"

"இனிக்குதுங்க."

"கொஞ்சமாவா?"

"திருநெல்வேலி அல்வா மாதிரிங்க."

முடிந்தது அவன் கதை, நாளையிலிருந்து மில்லுக்கு வரமாட்டான் என்று நான் பீடி பற்ற வைக்கிறேன். உள்ளே பார்த்தால் அந்த அம்மா முகத்தில் ஒரு சிரிப்பு. "நல்லவேளை சொன்னீங்கண்ணா" என்கிறார். தாடியைக் காட்டி ஏதோ கேட்கிறார். இவன் "முருகன் மன்னிச்சுக்குவாருங்க" என்று மோட்டார் ரூமுக்குப் போய்ச் சுத்தமாகச் சிரைத்துக்கொண்டு வந்து நிற்கிறான். வேறு சைஸ் எடுத்தார். வாரை இழுத்தார், விட்டார், மறுபடி இழுத்தார். மாப்பிள்ளைக்கு உருமால் தலைப்பா கட்டுவது மாதிரி அரை மணி நேரம். எங்களுக்கு ஆளுக்கு நாலு நிமிடம், அவனுக்கு அரை மணி நேரம்! மறுபடி முக்காடு. "இனிக்குதுங்களா?" "இப்ப இல்லீங்க." கையைத் தட்டினார் அந்த அம்மா.

அவனை வீட்டுக்கும் அனுப்பவில்லை, ஒன்றுமில்லை. மேனேஜருக்குத் தூரத்துச் சொந்தமோ என்னவோ என்று பேசிக்கொண்டோம்.

இனிமேல்தான் என் கஷ்டம். வேலை தப்பியது சரி, வியாதி இருக்கிறதே? வீட்டில் என் சம்சாரம் பாவாத்தாளிடம் மட்டும் சொன்னேன். அன்று முதல் விடிந்தால் பாகற்காய்ச் சாறு. ராத்திரிக்கு வெந்தயம். சாமி பொங்கலா, எனக்கு இல்லை. எத்தனை கல்யாணம் போனேன், இலையில் ஜிலேபி வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு இருக்கும். அப்படியே மூடிவிட்டு எழுந்து வந்தேன். மூன்று வருடம் தம்பி. மூன்று வருடம்!

நான் மட்டும் இல்லை, பதினேழு பேரும். மில்லுக்கு எதிரில் மயிலாத்தா டீக்கடை. பதினேழு டீ சக்கரை இல்லாமல். ஒரே ஒரு டீ சக்கரை தூக்கலாக. அந்த ஒரு கிளாஸை அவன் நடுவில் நின்று உறிஞ்சி உறிஞ்சிக் குடிப்பான். எங்களுக்கு வயிறு எரியும்.

மாஸ்க்கையும் போட்டோம். இல்லை என்று சொல்லக்கூடாது. போட்டுக்கொண்டு வேலை முடித்துக் கழற்றினால் மூக்குக்குள் வெள்ளையாக இருக்கும். மீசைக்கு அடியிலும் மாவு. இவன் கழற்றினால் மட்டும் மூக்கு வாயெல்லாம் அலசி வைத்த மாதிரி கறுப்பாகவே இருக்கும். இனிக்கிறது என்று ஒத்துக்கொண்டவனுக்குத் தனி மாஸ்க் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தோம். வருடா வருடம் அந்த அம்மா வந்து புஸ் புஸ் என்று அடிப்பார். நாங்கள் "இல்லீங்க" என்போம். பரிசு கொடுக்கிற மாதிரி எழுதிக்கொண்டு போவார்.

மூன்றாவது வருடம் மயிலாத்தா கெடுத்தாள். டெஸ்ட்டுக்கு வந்த அம்மா அவள் கடையில் டீ சொல்லியிருக்கிறார். நாங்களும் அங்கேதான் நிற்கிறோம். மயிலாத்தா கேட்கிறாள்:

"உங்களுக்குச் சக்கரை போடலாமுங்களா? இல்ல, இவிய மாதிரி உங்களுக்கும் வியாதியா?"

"யாருக்கு வியாதி?"

"நீங்கதானுங்க டெஸ்ட் பண்ணுனீங்க! பதினேழு பேருக்கும் சக்கரை. பாவம், மூணு வருசமா வெறும் டீ. இதா நிக்கறாரே, இவரு ஒருத்தருக்குத்தான் இல்லை."

அந்த அம்மா எங்களைப் பார்த்தார். பதினேழு கிளாஸ். பிறகு சென்னியப்பன் கிளாஸ். கிளாஸைக் கீழே வைத்தார்.

"நான் எப்பங்க சக்கரை டெஸ்ட் பண்ணுனேன்? யார் சொன்னாங்க?"

பதினாறு விரல் என்னைக் காட்டியது தம்பி. ஒன்றுகூடத் தயங்கவில்லை. மூன்று வருடம் காப்பாற்றிவிட்டதற்கு நன்றி.

அன்றைக்குத்தான் அந்த அம்மா சண்டை போட்டு அரவையை நிறுத்தினார். அன்றைக்குத்தான் அவர் பேச்சு எங்கள் காதில் விழுந்தது. சக்கரை இல்லையாம், சக்கரினாம். இனிப்பு மருந்தாம். மாஸ்க்கில் எங்கேயாவது சந்து இருந்தால் இனிப்பு உள்ளே வருமாம். "இனிப்பு வர்ற சந்துல கல்லுத் தூசியும் வரும். கண்ணுக்குத் தெரியற தூசி மூக்குல நின்னுக்கும். தெரியாதது நுரையீரல்ல போயி உக்காந்துக்கும், அப்பறம் எந்திரிக்காது" என்றார். இனிக்குது என்றால் மாஸ்க்கைத்தான் மாற்றுவார்களாம், ஆளை இல்லையாம்.

இதை முதல் நாளே ஓட்டை பார்க்கிற டெஸ்ட் என்று தமிழில் சொன்னால் நான் ஏன் தப்பாகக் கேட்கப் போகிறேன்? நீங்களே சொல்லுங்கள். அந்த அம்மாவும் ஒத்துக்கொண்டார். "மாஸ்க் இல்லாம முதல்ல அடிச்சுப் பார்த்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். விட்டது என் தப்பு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாருங்கள், அவரே சொல்லிவிட்டார். என் மேல் ஏதாவது தப்பு இருக்கிறதா?

மறுபடி டெஸ்ட். இந்தத் தடவை கசப்பு மருந்து. எங்களுக்கு இனிப்பு மேல் நம்பிக்கை போய்விட்டது என்று மாற்றிவிட்டார். பதினேழில் பதினாலு பேருக்கு வாயெல்லாம் கசந்தது. பாகற்காய் குடித்துப் பழகின எனக்கே குமட்டியது. அன்றைக்கே பம்பு மேட்டில் உட்கார்ந்து மீசையை எடுத்தேன். கண்ணாடி பிடித்தது யார் தெரியுமா? இவன்தான். சந்தோஷம் பார்க்க வந்திருக்கிறான். என் கை ஆடியதால் பாதியில் பிளேடையும் அவனே வாங்கிச் சிரைத்துவிட்டான். ஒரு கீறல் இல்லாமல் எடுத்தான் என்பதற்காக நல்லவன் ஆகிவிடுவானா?

பிறகு எல்லோருக்கும் நெஞ்சுப் படம் எடுத்தார்கள். ரத்தமும் பார்த்தார்கள். எனக்குச் சக்கரை இல்லவே இல்லை. பச்சைப் பிள்ளை ரத்தம் மாதிரி இருக்கிறதாம். மூன்று வருட ஜிலேபியை யார் திருப்பிக் கொடுப்பது? நெஞ்சுப் படத்தில்தான் எனக்கு அங்கங்கே வெள்ளையாகப் பொட்டு. ரங்கராசுவுக்கு இன்னும் கொஞ்சம் அதிகம். இப்போது அவன் இரண்டு அடி பாடிவிட்டு உட்கார்ந்துகொள்கிறான். வயசாகிறது அல்லவா. நாற்பத்திரண்டு.

இவனுக்கு மட்டும் படம் கறுப்பாக, சுத்தமாக இருந்தது.

என் மனத்தாங்கல் அதுதான் தம்பி. இவனுக்கு நெஞ்சு சுத்தமாக இருப்பதற்கு யார் காரணம்? நான். 'இனிக்குதுன்னு சொல்லு' என்று சொல்லிக் கொடுத்தது யார்? நான். பதினேழு பேரில் எனக்கு எதிரி என்று இருந்தவனை மட்டும் காப்பாற்றியிருக்கிறேன். ஒரு வார்த்தை, 'அண்ணா, உன்னாலதான்' என்று சொன்னானா? இந்த இரண்டு வருடத்தில் ஒரு நாள்? இன்றைக்கு எனக்குத் துணைக்கு வருகிறேன் என்று லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறான். பையைத் தூக்குகிறான், படியில் கையைப் பிடிக்கிறான். நன்றி மட்டும் வாயில் வரவில்லை. அரவைக்கு நான் திரும்பி வந்தால் தன் இடம் போய்விடும் என்று வேவு பார்க்க வருகிறானோ என்னவோ.

இருங்கள். மூச்சு. பஸ்ஸில் ஆட்கள் அதிகம்.

என்ன, திரும்புகிறான்?

"ஏண்ணா, கதை முடிஞ்சுதா?"

"உனக்குக் கேட்டுதா?"

"பல்லடத்துலயிருந்து கேட்டுட்டுத்தான் வர்றேன். டிரைவருக்கே கேட்டிருக்கும்."

"கேட்டா நல்லதுதான். சொல்லு, நான் சொல்லித்தான நீ இனிக்குதுன்ன?"

"அட, உன்ற பேச்சை யாரு கேட்டா? வரிசையில எனக்கு முன்னால நின்னவன் இல்லைன்னு சொல்லச் சொன்னான், நீ வந்து இனிக்குதுன்னு சொல்லச் சொன்ன. ரெண்டையும் விட்டுட்டேன். இனிச்சுது, இனிக்குதுன்னு சொன்னேன். அம்புட்டுத்தான்."

பார்த்தீர்களா தம்பி, பார்த்தீர்களா? நன்றி சொல்லிவிட வேண்டுமே என்று கதையையே மாற்றுகிறான்.

"அண்ணா, இன்னைக்கு டாக்டர் கேப்பாரு. மூச்சு வாங்குதான்னு."

"எனக்கு எங்கடா வாங்குது?"

"காங்கயத்துலயிருந்து ரெண்டு தடவை நிறுத்தினியே, அது என்ன? பாலம் ஏறுனது பஸ்ஸு. நீயில்ல."

"கதைன்னா நடுவுல நிறுத்தித்தான்டா சொல்லணும்."

"உள்ளதைச் சொல்லுண்ணா. அரவைக்குள்ள நீ போனா மறுக்கா வெளிய வரமாட்ட. கேட்டுல உக்காரு. உனக்கு முன்னால ஒருத்தனும் நிக்க மாட்டான், லாரியத் தவுத்து."

பேச்சைப் பாருங்கள். சட்டைப் பையில் என்ன தேடுகிறான்? தேன் மிட்டாய். காங்கயம் பஸ் ஸ்டாண்டில் எதையோ வாங்கினானே, இதுதானா.

"இந்தா, வாயில போடு. போட்டயா? இனிக்குதா?"

"இல்லை."

"சுத்தமாவா?"

"துளிகூட இல்லை. திரும்பி உக்காருடா."

திரும்பிவிட்டான். சிரிக்கிறான், தோள் குலுங்குகிறது பாருங்கள்.

தம்பி, இப்படிக் கொஞ்சம் குனியுங்கள். உங்களிடம் மட்டும் சொல்கிறேன். இனிக்கத்தான் செய்கிறது. அவனிடம் நான் சொல்லமாட்டேன், செத்தாலும் சொல்லமாட்டேன். டாக்டர் கேட்டால் வேண்டுமானால் உள்ளதைச் சொல்லிக்கொள்கிறேன்.